போள் வீட்டுக்காரர்கள்

அகமதாபாத்துக்கு வேலைக்கு வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் சபர்மதி ஆற்றுக்கு மேற்கேதான் குடியேறுகிறோம். வஸ்திராபூர், சேட்டிலைட், பிரஹலாத் நகர் என்று போகும் பட்டியல். மணிநகர் பக்கம் மில் காலத்திலேயே வந்த பழைய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்கள் வேறு ரகம். மற்றவர்களுக்கு ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் பழைய நகரம் என்றால் ராத்திரி மாணெக் சௌக்கில் போய்ச் சாப்பிடுவது, தீபாவளிக்குத் துணி எடுப்பது, ஊரிலிருந்து யாராவது வந்தால் சிதி சையத் மசூதியின் கல் ஜன்னலைக் காட்டுவது, அவ்வளவுதான். நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாநகராட்சி நடத்தும் 'பாரம்பரிய நடை'யில் சேர்ந்துகொண்டேன். 1997 நவம்பரில் ஆரம்பித்தது இது. காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி, சந்து சந்தாகப் புகுந்து, ஜும்மா மசூதியில் முடியும். அன்றிலிருந்து அந்தச் சந்துகள் என்னை விடவில்லை. போய்ப் போய், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்து, கிடைத்ததைப் படித்துச் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டடக் கலை பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். இதில் கட்டடத்தை விட அதன் சொந்தக்காரரைப் பற்றித்தான் அதிகம் வரும்.

முதலில் 'போள்' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வாசல் என்றுதான் அதற்கு அர்த்தம். தெருவின் முகப்பில் ஒரு பெரிய மரக் கதவு, அதன் மேல் காவல்காரனுக்கு ஓர் அறை. உள்ளே நுழைந்தால் ஒரு சந்து, அதிலிருந்து கிளைச் சந்துகள், இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பொதுவாக ஒரே சாதியோ ஒரே தொழிலோ செய்பவர்கள் ஒரு போளில் இருப்பார்கள். நடுவில் ஒரு கோயில், ஒரு கிணறு, பறவைகளுக்குத் தானியம் போடும் 'சபுத்ரோ' என்ற உயரமான கூண்டு மேடை, செய்தி எழுதி வைக்க ஒரு கரும்பலகை. ராத்திரி கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பது தனி ஊர். சில போள்களில் ஆபத்துக் காலத்தில் பக்கத்துப் போளுக்குத் தப்பிப் போக ரகசிய வழியும் உண்டு. சுல்தான் அகமது ஷா 1411இல் உருவாக்கிய நகரம் இது. மொகலாயர் பலம் குறைந்து மராத்தியர் புகுந்த 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கதவுகளுக்கு நிஜமாகவே வேலை இருந்தது.

வீடு நம்மூர் ஆளுக்குச் சட்டென்று புரிந்துவிடும். வெளியே 'ஓட்லோ', அதாவது திண்ணை. அதைத் தாண்டினால் 'கட்கி' என்ற முன்னறை. பிறகு வானத்தைப் பார்த்த 'சௌக்', நம் முற்றமேதான். அதை ஒட்டி ஒரு தாழ்வாரம், சமையலறை, தண்ணீர்ப் பானைக்கென்று ஒரு மாடம், கடைசியில் இருட்டான உள்ளறை. முகப்பு மிகக் குறுகல், ஆழம் அதிகம், மேலே இரண்டோ மூன்றோ மாடி. முற்றத்துக்குக் கீழே 'டாங்கா' என்ற மழைநீர்த் தொட்டி. கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாக இறக்கி, வெயிலே படாமல் மூடி வைத்து, அடுத்த மழைக்காலம் வரை குடிக்கிற தண்ணீர். தேக்கு மரச் சட்டம்தான் வீட்டைத் தாங்குகிறது; இடையில் செங்கல்லும் சுண்ணாம்பும் நிரப்பியிருப்பார்கள். மரத்தில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. தூண் தலையில், உத்தரத்தைத் தாங்கும் முட்டுகளில், ஜன்னல் சட்டத்தில் என்று எங்கே பார்த்தாலும் யாளி, யானை, கொடி, பூ. தொப்பி வைத்த வெள்ளைக்காரனைக்கூட ஓரிடத்தில் பார்த்தேன்.

சரி, இவ்வளவு மர வேலையை இருநூறு வருஷம் யார் பராமரித்தார்கள்? வீட்டுக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் சரி.

1879இல் வெளியான பம்பாய் மாகாணக் கெசட்டியரின் அகமதாபாத் தொகுதியில் போள்களைப் பற்றி ஒரு சுவையான குறிப்பு இருக்கிறது. முன்காலத்தில் போளுக்குள் இருக்கும் ஒரு வீட்டை வெளியாளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டுமென்றால், முதலில் போள்காரர்களிடம் கேட்டாக வேண்டும். கெசட்டியர் எழுதும் காலத்திலேயே அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. ஆனாலும் வீடு கைமாறினால் விலையில் ஒரு பங்கு போள் நிதிக்குப் போகும். கல்யாணம் நடந்தால் போளுக்கு ஒரு தொகை. விதியை மீறினால் அபராதம். அந்தப் பணத்தில் வாசல் கதவு, கிணறு, காவல்காரன் சம்பளம் எல்லாம் நடந்தன. இதை நிர்வகித்தது போளின் பஞ்ச், நம்மூர்ப் பஞ்சாயத்து மாதிரி.

அதாவது வீடு தனியாருடையதாக இருந்தாலும் அவர் தனியாக இல்லை. விற்பதற்கு அவருக்குத் தடை போட்ட அதே அமைப்பு, பொதுச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரன் சுவரை இடிக்காமல் பார்த்துக்கொண்டதும் அதுதான். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. ஒரு வீட்டை எடுத்துவிட்டால் இரண்டு பக்கத்து வீடுகளும் சாய ஆரம்பிக்கும்.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பொதுச் செலவுக்குத் தங்களுக்கே வரி போட்டுக்கொள்ளும் பழக்கம் புதிதில்லை. 1830களில் நகரத்தின் கோட்டைச் சுவரைப் பழுதுபார்க்க நெய் முதலான சரக்குகள் மேல் ஒரு சிறு வரி போட்டார்கள். அந்தக் குழுவிலிருந்துதான் பின்னால் நகராட்சி வளர்ந்தது. அதே கோட்டைச் சுவரை அடுத்த நூற்றாண்டில் நகராட்சியே பெரும்பாலும் இடித்தது வேறு கதை.

1892இல் எல்லிஸ் பாலம் வந்தது. இரும்புப் பாலம், ஆற்றைத் தாண்டுவது சுலபமாயிற்று. மில் முதலாளிகள் முதலில் மேற்கே போனார்கள், வக்கீல்களும் டாக்டர்களும் பின்னால் போனார்கள், அப்புறம் கூட்டுறவு வீட்டுச் சங்கங்கள் கட்டிக்கொண்டு நடுத்தர வர்க்கமும் போனது. போளில் காரை நிறுத்த இடம் கிடையாது. கார் என்ன, சில சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திண்ணையில் ஏறி நிற்க வேண்டும். போள் வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்று இன்றைக்கும் அங்கே சொல்லிக் கேட்கிறேன். கலவரங்களும் காரணம். 1969, 1985, 2002 என்று ஒவ்வொரு முறையும் பழைய நகரத்திலிருந்து ஆட்கள் கிளம்பினார்கள். 1991ஆம் வருஷத்துச் சட்டப்படி, 'கலவரப் பகுதி' என்று அறிவித்த இடங்களில் வீட்டை விற்க மாவட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும். பழைய நகரத்தின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. பயத்தில் அடிமாட்டு விலைக்கு விற்பதைத் தடுக்க வந்த சட்டம். நியாயமாக விற்க நினைப்பவருக்கும் அது இன்னொரு ஃபைல்.

வாடகைச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1947ஆம் வருஷத்துப் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குஜராத்துக்கும் பொருந்தியது. யுத்தம் முடிந்த பஞ்சத்தில் குடியிருப்பவரைக் காப்பாற்ற வந்தது. அன்றைக்கு அது தேவைதான். ஆனால் மாடியில் அந்தக் காலத்து வாடகைக்கு இருக்கும் குடும்பத்திடமிருந்து வருஷம் முழுக்க வாங்கும் பணத்தில் ஒரு உத்தரத்துக்குக்கூடப் பாலிஷ் போட முடியாது. வீட்டுக்காரர் செலவழிக்க மாட்டார், குடியிருப்பவர் அடுத்தவன் வீட்டுக்குச் செலவு செய்ய மாட்டார். மழை மட்டும் இருவருக்கும் சேர்த்துப் பெய்யும்.

இப்படி ஆள் குறைந்த வீடுகளுக்கு மூன்று வழிகள்தான். பூட்டிக் கிடப்பது, கிடங்காவது, உடைந்து விற்பனைக்குப் போவது. காலுப்பூர், மாணெக் சௌக் பக்கம் மொத்த வியாபாரம் நெருக்கியடிக்கிறது. துணி மூட்டை அடுக்கவும் நகைப் பட்டறை வைக்கவும் இடம் வேண்டும். கிடங்கு வாடகை வீட்டு வாடகையைப் போல இல்லை, கை நிறைய வரும். கிடங்குக்கு முற்றம் எதற்கு, மூடிவிடு. செதுக்கிய முகப்பு எதற்கு, எடுத்துவிட்டு ஷட்டர் போடு.

எடுத்த முகப்பை வாங்க ஆள் எப்போதும் உண்டு. இது இன்று நேற்று ஆரம்பித்ததும் இல்லை. 1881இல் லாக்வுட் டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்க ஓவியர் தேனிலவுப் பயணத்தில் இந்தியா வந்தார். அகமதாபாத் மர வேலையைப் பார்த்து மயங்கி, ஹத்தீசிங் குடும்பத்தைச் சேர்ந்த மகன்பாயோடு கூட்டுச் சேர்ந்து இங்கே ஒரு மரச்செதுக்குப் பட்டறையே தொடங்கிவிட்டார். நியூயார்க்கில் கிழக்குப் பத்தாவது தெருவில் அவர் 1887 வாக்கில் கட்டிக்கொண்ட வீட்டின் முகப்பில், அகமதாபாத் தச்சர்கள் செதுக்கிய தேக்கு ஜன்னல் மாடம் இன்னும் இருக்கிறது. அந்த வீடு இப்போது நியூயார்க் பல்கலைக்கழகத்திடம். பாட்டனிலிருந்து போன ஒரு சமணக் கோயிலின் மரக் குவிமாடம் அவர் குடும்பத்தின் வழியாகவே மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டி ஃபாரஸ்ட்டைத் திட்டுவதா, பாராட்டுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. பட்டறையில் புதிதாகச் செய்யச் சொல்லித் தச்சர்களுக்குச் சோறு போட்டவரும் அவர்தான். ஆனால் செதுக்கிய மரத்துக்கு வீட்டிலிருந்து தனியே ஒரு விலை உண்டு என்பது அந்தக் காலத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் நம்மூர் நினைவு வராமல் இருக்காது. செட்டிநாட்டு வீட்டுக்கும் பர்மாத் தேக்குதான். அங்கேயும் ஒரு வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். அங்கேயும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தூணும் நிலையும் கதவும் கடையில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு நிலைக்கதவு கடைக்கு வந்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு வீடு போயிருக்கிறது என்று அர்த்தம். பெங்களூர், சென்னை ரெஸ்டாரன்டுகளில் அதைப் பார்த்து நாம் 'ஆஹா' என்கிறோம்.

2001 ஜனவரி 26 காலை பூகம்பம் வந்தது. மையம் கட்ச்சில், இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். அப்படியும் அகமதாபாத்தில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை புதிய கான்கிரீட் அடுக்குமாடிகள். கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தத் திறந்து விட்டு, ஒல்லித் தூண்கள் மேல் ஏற்றியவை. போள்களில் விரிசல் விட்டது, பழைய சுவர்கள் சில சரிந்தன. ஆனால் ஒழுங்காகப் பராமரித்த மரச்சட்ட வீடுகள் ஆடிவிட்டு நின்றன. செங்கல் வரிசைக்கு இடையே மரக்கட்டை வைத்துக் கட்டியது சும்மா அழகுக்கு இல்லை என்று அன்றைக்குப் பலருக்குப் புரிந்தது. ஆனால் நெல்லிக்காய் மாதிரி ஒரு விஷயம் இதில் உண்டு. 'ஒழுங்காகப் பராமரித்த' என்று சொன்னேனே, அதுதான். கரையான் அரித்த மூட்டு எந்தப் பூகம்பத்தையும் தாங்காது.

2017 ஜூலையில் யுனெஸ்கோ இந்த மதில் நகரத்தை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் நகரம். ஜெய்ப்பூருக்குக் கிடைத்தது 2019இல்தான். ஊரெல்லாம் பேனர் கட்டினார்கள். பேனரில் வராத ஒரு விஷயம், பட்டம் கொடுத்த தீர்மானத்திலேயே, தனியார் வசமுள்ள மர வீடுகளை முழுமையாக ஆவணப்படுத்துங்கள் என்று கேட்டிருந்தார்கள் என்பது. காரணம் சிம்பிள். மசூதிகளையும் கல்லறைகளையும் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும். இந்த நகரத்தை நகரமாக்குவது போள் வீடுகள். மாநகராட்சியின் பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. அத்தனைக்கும் தனித்தனிச் சொந்தக்காரர்கள்.

இந்தியாவில் சட்டம் எப்படி இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம், போர் அடிக்காமல் சொல்கிறேன். 1958ஆம் வருஷத்துப் பழஞ்சின்னங்கள் சட்டம் நூறு வருஷமாவது ஆன, தேசிய முக்கியத்துவம் உள்ள சின்னங்களுக்கு. அதன் கீழ் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளவை சுமார் 3,700. அதில் குடும்பம் குடியிருக்கும் வீட்டைத் தேடினால் கிடைப்பது அரிது. வீடுகளெல்லாம் மாநில, மாநகராட்சி விதிகளின் கையில். 1995இல் பம்பாய் பாரம்பரியக் கட்டட விதிகளைக் கொண்டுவந்தது. மற்ற நகரங்கள் அதைப் பார்த்துச் செய்தன. அடிப்படை எங்கேயும் ஒன்றுதான். கட்டடத்துக்குத் தரம் போட்டுப் பட்டியலில் சேர்ப்பார்கள். சேர்ந்த பிறகு குழுவின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது.

வீட்டுக்காரர் பக்கம் நின்று பாருங்கள். எதிர் வீட்டுக்காரர் முகப்பை 1980களிலேயே விற்றுவிட்டு கான்கிரீட் போட்டுக்கொண்டார். அவர் வீடு பட்டியலில் இல்லை. அவர் இன்றைக்கு மூன்றாவது மாடி எழுப்பி வாடகைக்கு விடலாம். நீங்கள் எண்ணெய் பூசிப் பூசிக் காப்பாற்றினீர்கள். உங்கள் வீடு இரண்டாம் தரத்தில் சேர்ந்துவிட்டது. இனி ஜன்னல் மாற்றவும் விண்ணப்பம். நன்றாக வைத்திருந்ததற்கு இதுதான் பரிசு! பட்டியலில் பெயர் வரப்போகிறது என்று தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாக முகப்பை இறக்குபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைக் கலாச்சார விரோதிகள் என்று எழுதுவது சுலபம். என் கண்ணுக்கு அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் கட்டுமான உரிமை மாற்றம், எல்லோரும் 'டி.டி.ஆர்.' என்கிறார்கள். பட்டியலில் உள்ள வீட்டுக்காரர் தன் மனையில் கட்ட முடியாமல் போன உரிமையைச் சான்றிதழாக வாங்கி, வேறு பகுதியில் கூடுதல் மாடி கட்ட விரும்பும் பில்டரிடம் விற்கலாம். அந்தப் பணம் பழுதுபார்க்க. அரசுக்குக் கைக்காசு செலவில்லை. பம்பாயில் இது பழைய விஷயம். ஆனால் போளில் ஒரு சிக்கல். பம்பாய்ப் பங்களாவைச் சுற்றித் தோட்டம் இருக்கும், பயன்படுத்தாத உரிமை மிச்சம் இருக்கும். போள் வீடோ மனை முழுக்கக் கட்டி மூன்று மாடி எழும்பியது. மிச்சம் ஏது? அதனால் அகமதாபாத்தில் ஏற்கெனவே கட்டியிருக்கும் பரப்பில், தரத்துக்கு ஏற்ப ஒரு விழுக்காட்டை உரிமையாகக் கொடுக்கும்படி விதி செய்தார்கள். யோசித்துச் செய்த வேலை, பாராட்டத்தான் வேண்டும். நடைமுறையில் பட்டா சுத்தமாக இருக்க வேண்டும். எல்லாப் பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அதை வாங்க ஒரு பில்டர் வேண்டும். அரசாங்கமே காசு வாங்கிக்கொண்டு கூடுதல் கட்டும் உரிமையை நேரடியாக விற்கும் ஊரில், பில்டர் எதற்குப் போள்காரரைத் தேடி வருவார்? விலை சரிந்துவிடும் அல்லவா?

ஹோட்டலாக்குவது இன்னொரு வழி. சிதி சையத் மசூதிக்கு எதிரே மில் முதலாளி மங்கள்தாஸ் கிர்தர்தாஸ் 1924இல் கட்டிய மாளிகை 1990களில் அவர் குடும்பத்தாராலேயே ஹோட்டலானது. இன்றைக்கு ஊரின் அடையாளங்களில் அது ஒன்று, சாப்பாடும் பிரமாதம். ஆனால் அது மெயின் ரோட்டில் இருக்கும் மாளிகை, வாசலில் கார் வந்து நிற்கும். சந்துக்குள் பன்னிரண்டு அடி முகப்புள்ள வீட்டுக்கு அந்தக் கதை பொருந்தாது. 2020இல் குஜராத் அரசு ஒரு பாரம்பரியச் சுற்றுலாக் கொள்கை வெளியிட்டது. 1950 ஜனவரி 1க்கு முன் கட்டிய கட்டடங்களை ஹோட்டலாக, மியூசியமாக, விருந்து மண்டபமாக மாற்றினால் உதவி. நல்லதுதான். ஆனால் வீட்டை வீடாகவே வைத்துக்கொண்டு அதில் குடியிருக்க விரும்புபவருக்கு அதில் எதுவும் தென்படவில்லை.

வருமான வரியிலும் இப்படித்தான். 1961ஆம் வருஷத்துச் சட்டத்தில் முன்னாள் மகாராஜா குடியிருக்கும் ஓர் அரண்மனையின் ஆண்டு மதிப்புக்கு வரிவிலக்கு என்று தனியே ஒரு பிரிவு இருந்தது. மன்னர் மானியத்தை ஒழித்த கையோடு சேர்த்த பிரிவு அது. சாதாரண ஆள் தான் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்கினால், பழைய வரிமுறையில் வட்டிக் கழிவுக்கு உச்சவரம்பு வருஷத்துக்கு 30,000 ரூபாய். புதுசாக வீடு வாங்கினால் அது இரண்டு லட்சம். இருப்பதைக் காப்பதை விடப் புதுசு கட்டுவதற்கே சலுகை.

இங்கிலாந்திலும் இதே கதை வேறு அளவில் நடந்தது. இரண்டு யுத்தங்களுக்குப் பின் மரண வரியும் வேலையாள் பஞ்சமும் சேர்ந்து நூற்றுக்கணக்கான பிரபுக்களின் வீடுகள் இடிந்தன. அரசு கவர்ஸ் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டது. 1950இல் வந்த அந்த அறிக்கையின் சாரம், இந்த வீடுகளைக் காக்கச் சிறந்த ஆள் அதில் குடியிருக்கும் சொந்தக்காரரே, அவருக்கு வரியில் கைகொடுங்கள் என்பது. 1973இல் வீட்டுக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். வீட்டைப் பராமரித்து, மக்கள் வந்து பார்க்கவும் அனுமதித்தால் வாரிசு வரியை ஒத்திப்போடும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. பிரான்சில் பாதுகாக்கப்பட்ட வீட்டின் பழுதுச் செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 2018 முதல் பழைய கட்டடங்களுக்காக லாட்டரியே நடத்துகிறார்கள்!

அவர்கள் பிரபுக்கள், நூறு அறை வீடு. இங்கே ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளையின் வீடு என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அதனாலேயே இங்கே உதவி இன்னும் அவசியம் என்பது என் கட்சி. பிரபுவுக்கு விற்க நிலமாவது இருந்தது.

போளில் நான் அடிக்கடி போகும் ஒரு வீடு உண்டு. பெயரும் போளும் வேண்டாம். வீட்டுக்காரரை எல்லோரும் காகா என்பார்கள், நானும் அப்படித்தான். எழுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற குமாஸ்தா. அவரும் காகியும் மட்டும் கீழே இருக்கிறார்கள். மகன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடியில். வீட்டின் பெரிய வருமானம் எது தெரியுமா? மொட்டை மாடி! உத்தராயணத்துக்கு, அதாவது நம் பொங்கல் சமயம், ஊரே பட்டம் விடும். மேற்கே போனவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் போள் மாடியில் நின்று பட்டம் விட ஆசைப்பட்டு, இரண்டு நாளுக்கு நல்ல வாடகை கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் காகா வருஷா வருஷம் கூரை ஓட்டைச் சரிசெய்வார். முகப்பு மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவார். டாங்காவை இறங்கிச் சுத்தம் செய்ய ஆள் பிடிப்பார்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன், "காகா, முகப்பை விலைக்குக் கேட்டு வந்தார்களாமே?"

"வருவான். வருஷத்துக்கு ரெண்டு பேர் வருவான். சாயா கொடுத்து அனுப்பிடுவேன்."

"கொடுத்திருந்தால்?"

"பேட்டா, தூணை எடுத்தா மாடி என்மேல விழும். அதையும் சேர்த்து வாங்குவானான்னு கேளு."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவருக்கு நிஜக் கவலை வேறு. பின்பக்கத்து உத்தரம் ஒன்று இறங்கிக்கொண்டு வருகிறது. அதை மாற்ற ஆகும் செலவு பட்டம் விட்ட காசில் அடங்காது. டி.டி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம் என்று மகன் சொல்ல, காகிதங்களை எடுத்துப் பார்த்தார்கள். வீடு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. தாத்தாவுக்கு நான்கு பிள்ளைகள், இரண்டு பெண்கள். அவர்களின் வாரிசுகளைக் கூட்டினால் பதினோரு கையெழுத்து. வங்கியில் கேட்டால் அதே பதினோரு கையெழுத்து.

பழைய பஞ்ச் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பதினோரு பேரையும் போளின் கோயிலில் உட்கார வைத்து ஒரு சாயங்காலத்தில் முடித்திருக்கும். கொஞ்சம் அதட்டியும் இருக்கும். அதன் சாதிக் கட்டுப்பாடும், வெளியாளை உள்ளே விடாத கதவும் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது செய்த ஒரு வேலையை இன்றைக்கு யாரும் செய்வதில்லை. வாரிசுப் பத்திரத்தைச் சரிசெய்ய ஒரு வக்கீல், மர மூட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு தச்சர், சின்னத் தொகையாகப் பழுதுக்குக் கடன், இந்த மூன்றும் போளுக்குள்ளேயே ஓர் அறையில் கிடைத்தால் எத்தனையோ வீடு நிற்கும். மாநகராட்சியின் பாரம்பரியப் பிரிவு 1996லிருந்து இருக்கிறது, அங்கே அக்கறையுள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பட்டியல் இருக்கிறது, விதி இருக்கிறது. பதினோரு கையெழுத்து வாங்கித் தர ஆள்தான் இல்லை.

போன மாதம் போனபோது எட்டு கையெழுத்து வந்துவிட்டது. இரண்டு பேர் சூரத்தில், தீபாவளிக்கு வரும்போது போடுகிறேன் என்றிருக்கிறார்கள். மிச்சம் ஒருவர் நியூஜெர்சியில். இறங்கின உத்தரத்துக்கு இப்போதைக்கு ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார் காகா. அது தரையில் பதியாமல் இருக்கக் கீழே வைத்திருப்பது, மேல் மாடியிலிருந்து கழன்று விழுந்த ஒரு பழைய தேக்குப் பலகை.